குருதியில் ஓர் உழிஞைப் போர்

பகைவனை வெல்லும் வழிகள் பல. களத்தில் எதிர்நின்று பொருதல் தும்பை. பகைவனின் அரணைச் சூழ்ந்து நின்று அதனைக் கைக்கொள்ள முயலுதல் உழிஞை. புறத்திணை கற்கும் மாணவர்க்கு இவ்விரண்டின் வேறுபாடு நன்கு தெரியும். அரணைச் சூழ்ந்தவன் உள்ளிருப்போர்மீது ஓர் அம்பும் எய்யாமல் வெல்லக்கூடும். உள்ளே செல்லும் உணவைத் தடுத்துவிட்டால் போதும்.

புற்றுநோய்க்கு நெடுங்காலமாக வழங்கப்பட்டு வரும் மருந்துகளுள் பெரும்பாலானவை தும்பை மறவர்கள் எனலாம். அவை உயிரணுவினுள் புகுந்து, அது பிளந்து பெருகும் ஆற்றலைத் தாக்குகின்றன. அப்போரில் உடலின் நல்லணுக்களும் உடன் மடிகின்றன. நோயாளியின் தலைமுடி உதிர்வதும் வாய் புண்ணாவதும் இதனாலேயே. ஆனால், குழந்தைகளைப் பெரிதும் பற்றும் ஒருவகை இரத்தப் புற்றுநோயை எதிர்க்க உழிஞை சூடிய மறவன் ஒருவனும் இருக்கிறான். அவன் பகையணுவினுள் நுழைவதே இல்லை. குருதியில் நின்றுகொண்டு, அவ்வணுவுக்குச் செல்லும் உணவுப்பொருள் ஒன்றை மட்டும் அழிக்கிறான். நம் குடலில் வாழும் ஒரு நுண்ணுயிரியினின்று பெறப்படும் அந்நொதியின் பெயர் எல்-அஸ்பராஜினேஸ். அதன் வரலாற்றையும் செயலையும், அதனைப் பயன்படுத்துவதில் நம் நாடு இன்று எதிர்கொள்ளும் ஓர் இடரையும் இக்கட்டுரையில் காண்போம்.

நொதி என்னும் சொல்லைப் பற்றி ஒரு குறிப்பு. இட்லி மாவு நொதிப்பதை அறியாதார் இலர். அந்நொதித்தலிலிருந்து பிறந்ததே இக்கலைச்சொல். மேலைநாட்டார் வழங்கும் ‘என்சைம்’ என்பதும் ‘புளிப்பினுள் இருப்பது’ எனப் பொருள்படும் கிரேக்கச் சொற்களால் ஆனதே. உயிர்களின் உடலில் நிகழும் வேதிமாற்றங்களை விரைவுபடுத்தி, தான் செலவழியாமல் நிற்கும் புரதமே பெரும்பாலும் நொதி எனப்படுகிறது. தான் செலவழிவதில்லை என்பதை மாணவர்கள் நினைவிற் கொள்க. நாம் பின்னர்ப் பேசவிருக்கும் செய்திக்கு அது தேவைப்படும்.

நோயின் இயல்பு

எலும்பின் உள்ளே இருக்கும் மச்சையில் இரத்த அணுக்கள் பிறக்கின்றன. சிவப்பணுக்கள் உயிர்க்காற்றைச் சுமக்கின்றன. வெள்ளணுக்கள் நோய்க்கிருமிகளை எதிர்க்கின்றன. தட்டணுக்கள் குருதி உறைய உதவுகின்றன. வெள்ளணுக்களுள் ஒருவகை நிணவணு. முதிராத நிணவணு ஒன்று, வளர்ச்சியின் கட்டுப்பாட்டை இழந்து, முதிராமலேயே பெருகிக்கொண்டு போவதே கடிய நிணவணு இரத்தப் புற்றுநோய். ‘கடிய’ என்பது இங்கு வேகத்தைக் குறிக்கும். மருத்துவம் செய்யாவிடில் சில வாரங்களிலோ மாதங்களிலோ உயிரைக் கவர்ந்துவிடும். பெருகிய அணுக்கள் மச்சையை அடைத்துக்கொள்வதால் சிவப்பணு குறைந்து உடல் வெளுக்கிறது. தட்டணு குறைந்து தோலில் செம்புள்ளிகள் தோன்றுகின்றன, ஈறுகளில் குருதி கசிகிறது. நல்ல வெள்ளணுக்கள் குறைந்து காய்ச்சல் விடாது தொடர்கிறது. குழந்தைகள் கால் எலும்பு வலிக்கிறது என்று அழுவதும் உண்டு. இக்குறிகள் எளிய நோய்களிலும் காணப்படுவன. எனினும் இவை சேர்ந்து தோன்றி நீடித்தால் இரத்தச் சோதனையைத் தள்ளிப்போடுதல் ஆகாது.

இந்நோயாளிகளின் குருதி வெளுத்திருப்பதை 1845இல் விவரித்த செருமானிய அறிஞர் ருடால்ஃப் விர்ஹோ, பின்னர் அதற்குக் கிரேக்க மொழியில் ‘வெண்குருதி’ எனப் பொருள்படும் லுக்கேமியா என்னும் பெயரை இட்டார். பெயர் இட்ட பின்னரும் ஒரு நூற்றாண்டுக் காலம் மருத்துவர்கள் செய்வதற்கு ஏதும் இன்றி நின்றனர். 1948இல் பாஸ்டன் நகர மருத்துவர் சிட்னி ஃபார்பர், அமினாப்டெரின் என்னும் மருந்தைக் கொடுத்த 16 குழந்தைகளுள் 10 பேரிடம் நோய் தணியக் கண்டதாக எழுதினார். தணிவு சில மாதங்களே நீடித்தது. எனினும் இந்நோய் மருந்துக்குப் பணியும் என்பது அன்றுதான் தெரிந்தது. அம்மருந்தை உருவாக்கிய லெடர்லி ஆய்வுக்கூடக் குழுவின் தலைவர் எல்லப்ரகடா சுப்பாராவ், சென்னை மருத்துவக் கல்லூரியில் பயின்றவர் என்பதை நம் மாணவர்களுள் எத்தனை பேர் அறிவர்?

கினிப்பன்றி காட்டிய வழி

1953ஆம் ஆண்டு நியூயார்க் நகரின் கார்னெல் பல்கலைக்கழக மருத்துவக் கல்லூரியில் ஜான் கிட் என்பவர் எலிகளின் உடலில் வளர்த்த நிணநீர்ப் புற்றுக் கட்டிகளை ஆராய்ந்து வந்தார். அவற்றுக்குக் கினிப்பன்றியின் சீரத்தைச் செலுத்தியபோது கட்டிகள் கரைந்து மறைந்தன. சீரம் என்பது குருதியினின்று அணுக்களும் உறைபொருளும் நீங்கிய தெளிநீர். குதிரையின் சீரம் அப்பணியைச் செய்யவில்லை. முயலின் சீரமும் செய்யவில்லை. கினிப்பன்றியினிடத்து மட்டும் என்ன இருந்தது? (பெயரில் பன்றி இருப்பினும் இவ்விலங்கு அவ்வினத்தைச் சார்ந்ததன்று, எலியையும் அணிலையும் போலக் கொறித்துண்பது. கினி நாட்டதும் அன்று, தென்னமெரிக்காவினது. பெயரின் இரு பகுதிகளும் பொருந்தாத உயிர் இது ஒன்றாகத்தான் இருக்கும்.)

கிட் தாம் கண்டதை ஒளிக்காமல் எழுதி வைத்தார்; காரணம் அவருக்குத் தெரியவில்லை. விடை முப்பது ஆண்டுகளுக்கு முன்பே வேறொரு நூலகத் தட்டில் உறங்கிக்கொண்டிருந்தது. 1922இல் கிளெமென்டி என்னும் இத்தாலிய அறிஞர், கினிப்பன்றியின் சீரத்தில் அஸ்பராஜின் என்னும் பொருளைச் சிதைக்கும் நொதி மிகுதியாக உள்ளது என்று எழுதியிருந்தார். அக்காலத்தில் அச்செய்தியால் யாருக்கும் பயன் விளையவில்லை. கார்னெலிலேயே பணியாற்றிய ஜான் புரூம் இவ்விரண்டையும் இணைத்துப் பார்த்தார். கட்டியைக் கரைக்கும் ஆற்றலும் அஸ்பராஜினைச் சிதைக்கும் ஆற்றலும் சீரத்தில் எப்போதும் சேர்ந்தே இருப்பதையும், ஒன்றை அழித்தால் மற்றதும் அழிவதையும் காட்டி, இரண்டும் ஒன்றே என்று 1961இல் அறிவித்தார். அஸ்பராஜின் இன்றியே வளரப் பழகிய புற்றணுக்களை எலிகளின் உடலில் செலுத்தியபோது அச்சீரம் அவற்றை ஒன்றும் செய்யவில்லை. இதனினும் தெளிவான சான்று வேண்டுவதில்லை.

அஸ்பராஜின் என்பது புரதங்களைக் கட்டும் இருபது அமினோ அமிலங்களுள் ஒன்று. அவற்றுள் முதன்முதலில் பிரித்தெடுக்கப்பட்டதும் இதுவே. 1806இல் பாரிஸ் நகரில் வோக்லன், ரோபிக்கே என்னும் இருவர் அஸ்பராகஸ் என்னும் தண்டுக்கீரையின் சாற்றிலிருந்து இதனைப் பிரித்து, அக்கீரையின் பெயராலேயே அழைத்தனர். நம் நாட்டு மருத்துவர் போற்றும் தண்ணீர்விட்டான் கிழங்கு அக்கீரையின் உறவுச் செடியே.

நம் உடலின் அணுக்கள் பெரும்பாலும் தமக்கு வேண்டிய அஸ்பராஜினைத் தாமே செய்துகொள்கின்றன. அஸ்பார்டிக் அமிலத்தை அஸ்பராஜினாக மாற்றும் நொதி அவற்றிடம் உண்டு. நிணவணுப் புற்றில் பெருகும் அணுக்களிடமோ அந்நொதி மிகக் குறைவு. அவை குருதியில் மிதந்து வரும் அஸ்பராஜினை வாங்கியே உண்டு வாழ்கின்றன. சொந்தமாக அடுப்பு வைத்திருக்கும் வீடுகளுக்கு உணவகம் மூடப்பட்டால் இழப்பில்லை. உணவகத்தையே நம்பி வாழ்பவன் பட்டினி கிடப்பான். அஸ்பராஜினேஸ் நொதி குருதியிலுள்ள அஸ்பராஜினை அஸ்பார்டிக் அமிலமாகவும் அம்மோனியாவாகவும் உடைத்துவிடுகிறது. புற்றணு தனக்கு வேண்டிய புரதங்களைச் செய்ய இயலாமல் மடிகிறது.

இதைக் கேட்டவுடன், அஸ்பராஜின் உள்ள உணவுகளை விலக்கினால் நோய் தீராதா என்று சிலர் வினவுவர். தீராது. உணவை விலக்கினாலும் கல்லீரல் முதலிய உறுப்புகள் அதனைச் செய்து குருதியில் விட்டுக்கொண்டே இருக்கும். பருப்பு, முட்டை, இறைச்சி என எல்லாப் புரத உணவிலும் அஸ்பராஜின் உள்ளதால், அவற்றை நிறுத்தினால் மெலிவது குழந்தையே அன்றிப் புற்றன்று.

நுண்ணுயிரி தந்த கொடை

ஒரு குழந்தைக்கு வேண்டிய நொதியைப் பெற எத்தனை கினிப்பன்றிகளின் குருதியை வடிக்க வேண்டியிருக்கும் என்று எண்ணிப் பார்த்தால், புரூமின் கண்டுபிடிப்பு ஏட்டளவில் நின்றிருக்கக்கூடும் என்பது விளங்கும். அதனைக் காத்தவர்கள் அமெரிக்காவின் டெலவேர் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த லூயிஸ் மாஷ்பர்ன், ஜான் ரிஸ்டன் ஆகிய இருவர். எஸ்செரிச்சியா கோலை என்னும் நுண்ணுயிரியிலும் இந்நொதி உண்டு என்பதையும், அதுவும் எலிகளின் கட்டியைக் கரைக்கிறது என்பதையும் 1964இல் அவர்கள் காட்டினர். 1885இல் குழந்தைகளின் மலத்தில் இந்நுண்ணுயிரியைக் கண்டறிந்து விவரித்த தியோடார் எஸ்செரிச் ஒரு குழந்தை மருத்துவர். அவர் பெயரைத் தாங்கிய உயிரியே குழந்தைகளின் கொடுநோய்க்கு மருந்தாயிற்று.

இந்நுண்ணுயிரி இரண்டு வகை அஸ்பராஜினேசைச் செய்கிறது. அதன் இரு உறைகளுக்கும் இடைப்பட்ட வெளியில் இருக்கும் இரண்டாம் வகையே மருத்துவத்துக்கு உதவுவது. குருதியில் உள்ளதுபோன்ற மிகச் சிறிய அளவு அஸ்பராஜினையும் அது பற்றிக்கொள்ளும். முதலாம் வகைக்கு அத்திறன் இல்லை. பெருங்கலங்களில் நுண்ணுயிரியை வளர்த்து, நொதியைப் பிரித்து, பிற புரதங்கள் யாவும் நீங்கும்வரை தூய்மை செய்து, உறைநிலையில் உலர்த்திப் பொடியாக்கிக் குப்பியில் அடைக்கின்றனர். இத்தூய்மைப்பணி எளிதன்று. மருந்தின் தரம் இங்கேதான் நிலைபெறுகிறது, அல்லது கெடுகிறது.

1966இல் இரத்தப் புற்றுநோயுற்ற ஒரு குழந்தைக்குக் கினிப்பன்றியின் நொதி முதன்முதலாக வழங்கப்பட்ட செய்தி வெளியாயிற்று. அடுத்த ஆண்டே டல்லாஸ் நகரின் ஜோசஃப் ஹில் குழுவினர், நுண்ணுயிரியின் நொதியால் நோய் தணிந்ததை அறிவித்தனர். மக்கள் பெரிதும் மகிழ்ந்தனர். ஆனால் தனித்துக் கொடுத்தபோது தணிவு நிலைக்கவில்லை. முற்றுகையிடப்பட்ட அரணுக்குள் நொச்சி மறவர்களும் உண்டல்லவா? சில புற்றணுக்கள் அஸ்பராஜினைத் தாமே செய்யக் கற்றுக்கொண்டன. மச்சையின் துணையணுக்களும் அவற்றுக்கு அதனை ஊட்டுவதாகப் பின்னர் அறியப்பட்டது.

எனவே உழிஞையும் தும்பையும் சேர்ந்தே நடக்க வேண்டும் என்பது தெளிவாயிற்று. இன்று முதல் நான்கைந்து வாரச் சிகிச்சையில் அஸ்பராஜினேசுடன் வின்கிரிஸ்டின் என்னும் மருந்தும், ஸ்டீராய்டு மருந்தும், தேவைக்கேற்பப் பிறவும் சேர்த்து வழங்கப்படுகின்றன. வின்கிரிஸ்டின், நம் வீட்டு முற்றங்களிலும் அடக்கத்தலங்களிலும் தானே முளைத்துப் பூக்கும் நித்தியகல்யாணியிலிருந்து பெறப்படுவது. தொடர்ந்து இரண்டு முதல் மூன்று ஆண்டுகள் மருத்துவம் நீளும். 1960களின் தொடக்கத்தில் இந்நோயினின்று பிழைத்த குழந்தைகள் நூற்றுக்குப் பத்துப்பேரும் இலர். இன்று செல்வ நாடுகளில் தொண்ணூற்றின் அளவில் பிழைக்கின்றனர். இந்த ஏற்றம் ஒரு மருந்தால் மட்டும் வந்ததன்று. ஆனால் இந்நொதி குறைவாகப் பெற்ற குழந்தைகளிடம் நோய் மீளும் வாய்ப்பு கூடுகிறது என்பதைப் பல ஆய்வுகள் காட்டியுள்ளன.

உடல் ஏற்காத விருந்தாளி

நுண்ணுயிரியின் புரதம் மனித உடலுக்கு அயலானது. உடல் அதனைப் பகையென்று கருதி எதிர்ப்பொருள்களை உண்டாக்குகிறது. சிலருக்கு ஊசி போட்ட சிறிது நேரத்தில் தோல் தடிக்கும், மூச்சுத் திணறும். ஆதலால்தான் மருத்துவமனையில் வைத்தே இதனைச் செலுத்திக் கண்காணிக்கின்றனர். வேறு இடர்களும் உண்டு. கணையம் வீங்கிக் கடும் வயிற்றுவலி தரலாம். அது கடுமையாயின் இம்மருந்தை மீண்டும் தரலாகாது. கல்லீரல் செய்யும் புரதங்கள் குறைவதால் குருதி உறைதலின் சமநிலை கெட்டு, மூளையின் சிரைகளில்கூடக் குருதி உறைந்துவிடலாம். இத்தொல்லைகள் குழந்தைகளினும் வளர்ந்தோருக்கே மிகுதி.

எதிர்ப்பொருள் தோன்றியவர்களுக்கு மாற்றாக வேறொரு நுண்ணுயிரியின் நொதி வந்தது. செவ்வந்திச் செடியின் பெயரைத் தாங்கிய எர்வினியா கிரிசாந்திமி, செடிகளை அழுகச் செய்யும் நோய்க்கிருமி. அதன் நொதியை மருந்தாக்கியவர்கள், உயிரிப்போர் ஆய்வுக்குப் பெயர்பெற்ற இங்கிலாந்தின் போர்ட்டன் டவுன் நிலையத்தார். கொல்லும் கலையை ஆராய்ந்த கூடத்திலிருந்து குழந்தைகளுக்கு மருந்து வந்தது வியப்புக்குரியதே. இந்நொதி குருதியில் நிற்கும் காலம் குறைவு. ஒரு நாளுக்குள் பாதிக்குமேல் மறைந்துவிடும். முதல் நொதியோ பாதியாகக் குறைய ஒன்றேகால் நாள் எடுக்கும். பாலிஎத்திலீன் கிளைக்கால் என்னும் நீள் மூலக்கூற்றைப் போர்வைபோல் நொதியின்மேல் இணைத்தபோது அக்காலம் ஐந்தாறு நாளாக நீண்டது. எதிர்ப்பொருள்களும் எளிதில் நெருங்கவில்லை. பெகாஸ்பர்கேஸ் எனப்படும் இவ்வகை 1994இல் அமெரிக்காவில் இசைவு பெற்றது. எர்வினியா மருந்துக்குத் தட்டுப்பாடு நேர்ந்த பின்னர், அதே நொதியை வேறொரு நுண்ணுயிரியில் மரபணு மாற்றத்தால் விளைவித்த மருந்து 2021இல் அங்கு இசைவு பெற்றது.

கண்ணுக்குத் தெரியும் ஒவ்வாமையைவிட நாம் அஞ்ச வேண்டியது மற்றொன்று. சில குழந்தைகளிடம் எதிர்ப்பொருள் தோன்றி நொதியை முடக்கிவிடும். ஆனால் தடிப்போ மூச்சுத் திணறலோ எதுவும் தோன்றாது. ஊசி போடப்படுகிறது, பெற்றோர் நிம்மதி அடைகின்றனர், குருதியில் அஸ்பராஜின் மட்டும் குறையாமல் ஓடிக்கொண்டிருக்கிறது. முற்றுகையிட்ட படை உறங்கிவிட்டது. அரணுக்குள் விருந்து நடக்கிறது. ஒவ்வாமையைத் தணிக்க முன்கூட்டியே மருந்து கொடுக்கும்போது இம்முடக்கம் மேலும் மறைந்துபோகக்கூடும்.

நம் நாட்டு நிலை

இந்தியாவில் 1970களில் இந்நோயின் மருத்துவப் பயன் மிகத் தாழ்ந்திருந்தது. சென்னை அடையாறு புற்றுநோய் மருத்துவமனை, மும்பை டாட்டா நினைவு மருத்துவமனை, டில்லி அனைத்திந்திய மருத்துவ அறிவியல் கழகம் ஆகிய மூன்றும் 1980களின் இடைப்பகுதி முதல் எம்.சி.பி. 841 என்னும் ஒரே முறையைப் பின்பற்றின. அஸ்பராஜினேஸ் அம்முறையில் இடம்பெற்றது. நான்காண்டுகள் நோய் மீளாது வாழ்ந்தோர் 20 விழுக்காட்டுக்கும் கீழிருந்து 45 முதல் 60 விழுக்காடாக உயர்ந்தனர். விலையுயர்ந்த வசதிகள் இன்றி, ஒழுங்கான முறை ஒன்றைப் பற்றிநின்றே இதனை எய்தினர் என்பதைப் பெருமையோடு கூறலாம்.

ஆனால் மருந்தின் தரம் பற்றிய கவலை அண்மையில் எழுந்துள்ளது. 2017இல் பிரேசில் அரசு மலிவாக இறக்குமதி செய்த ஓர் அஸ்பராஜினேஸ் மருந்தை அந்நாட்டு மருத்துவர்கள் சோதிக்கச் செய்தபோது, அதில் நுண்ணுயிரியின் பிற புரதங்கள் மிகுதியாகக் கலந்திருந்தது தெரிந்தது. இந்தியச் சந்தையில் கிடைக்கும் பொதுப்பெயர் மருந்துகள் சிலவற்றைக் குழந்தைகளுக்குச் செலுத்தி, அவர்தம் குருதியில் நொதியின் செயலை அளந்த நம் நாட்டு மருத்துவர்களும், அவற்றுள் பல, வேண்டிய அளவை எட்டவில்லை என்று எழுதியுள்ளனர். 2023இல் வெளியான பன்னாட்டுப் புலனாய்வுச் செய்தி ஒன்று, பல நாடுகளில் இக்குறை இருப்பதை எடுத்துரைத்தது. குப்பியின் மேல் 10,000 அலகு என்று அச்சிட்டிருப்பது ஒன்று; குழந்தையின் குருதியில் அந்நொதி உழைப்பது வேறொன்று. எளிய குடும்பம் ஒன்று நகை விற்று, வேலையை இழந்து, ஊர்விட்டு ஊர் வந்து இரண்டாண்டு தங்கி வாங்கும் மருந்து வெறும் பொடியாக இருந்தால், அதனை யாரிடம் போய் முறையிடுவது?

இதனை அறிய வழி உண்டு. நொதி தான் செலவழியாமல் நிற்பது என்று முன்னர்க் கூறினோம். ஆதலால், அதன் எடையை அன்று, செயலையே அளக்க வேண்டும். ஊசி போட்டுக் குறித்த நாள் கழிந்தபின் எடுத்த சிறிது இரத்தத்தின் தெளிநீரில் அஸ்பராஜினைச் சேர்த்து, வெளிப்படும் அம்மோனியாவை நிறமாற்றத்தால் அளப்பது இதன் பழைய முறை. வேறு வேதிப்பொருளைக் கொண்டு நீலநிறம் தோன்றச் செய்து அளக்கும் முறைகளும் வந்துள்ளன. ஒரு மில்லிலிட்டரில் 0.1 அலகுக்குக் குறையாமல் இருந்தால் நொதி உழைக்கிறது எனக் கொள்வர். குறைந்தால் மருந்தின் வகையை மாற்றுவர். நோயாளிக்குரிய முடிவைத் தேர்ச்சி பெற்ற மருத்துவ ஆய்வுக்கூடமே தரவேண்டும் என்பதில் ஐயமில்லை. ஆயினும் அதன் அடிப்படையான நெஸ்லர் வினைப்பொருளும் நிறமானியும் கல்லூரிகளின் வேதியியல் ஆய்வுக்கூட அலமாரிகளில் உள்ளவையே. அம்மோனியா கலந்தவுடன் அக்கரைசல் மஞ்சளாகிப் பழுப்பாவதை முதலாண்டு மாணவர்கள் கண்டிருப்பர்.